இசட்420, இசட்620: ஈசிசி யூடிம்மா, சர்வர் ஆர்டிம்மா?

2012-ல் வந்த எச்பி இசட்420, இசட்620 இரண்டும் இன்றைக்கும் செகண்ட் ஹேண்டில் வாங்கி நன்றாக வேலை வாங்கக்கூடிய வொர்க்ஸ்டேஷன்கள். இரண்டிலும் ஜியான் ஈ5 ப்ராசஸர், டிடிஆர்3 ராம், நான்கு மெமரி சேனல் (ப்ராசஸரும் ராமும் பேசிக்கொள்ளும் பாதை). சிலாட்டும் ஒரே மாதிரி: 240 பின், காடி அதே இடத்தில். அதனால் தப்பான ராமும் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். திரைதான் வராது. பவர் விளக்கு சிவப்பாக ஐந்து முறை மினுக்கும், கூடவே ஐந்து பீப்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் விலைதான். கழித்துக்கட்டிய சர்வர்களிலிருந்து வரும் ஆர்டிம் (ரெஜிஸ்டர் சிப் வைத்த ராம்) மலிவு. ஈசிசி யூடிம் (ரெஜிஸ்டர் இல்லாத, பிழை திருத்தும் ராம்) அவ்வளவு மலிவல்ல. ஆனால் இசட்420-க்கு எச்பி சொல்வது ஈசிசி யூடிம்: 8 சிலாட், தலா 8 ஜிபி, மொத்தம் 64. இசட்620 இரண்டு வகையையும் ஏற்கும். ஒரே நேரத்தில் அல்ல. ஏற்கெனவே அதில் நான்கு யூடிம் இருந்தால், ஆர்டிம் போடும் அன்று நான்கையும் கழற்றியே ஆக வேண்டும். ஒன்று மிச்சமிருந்தாலும் மெஷின் கிளம்பாது. அந்த நஷ்டத்தையும் சேர்த்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும்.

வாங்குமுன் ஸ்டிக்கரைப் படியுங்கள். 12800 என்ற எண்ணை ஒட்டி வரும் ஆங்கில எழுத்து 'ஈ' என்றால் ஈசிசி யூடிம், 'ஆர்' என்றால் ஆர்டிம், 'யூ' என்றால் சாதாரண டெஸ்க்டாப் ராம். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் சிப்பை எண்ணலாம். 8 ஜிபி யூடிம்மில் பக்கத்துக்கு 8 சிப் இருந்தால் சாதாரணம், 9 இருந்தால் ஈசிசி. அவற்றோடு நடுவில் வேறு அளவில் ஒரு ரெஜிஸ்டர் சிப்பும் இருந்தால் அது ஆர்டிம்.

என் தேர்வு இது: இசட்420-க்கு 8 ஜிபி ஈசிசி யூடிம், இசட்620-க்கு நான்கு 16 ஜிபி ஆர்டிம். எதுவானாலும் நான்கு நான்காகப் போடுங்கள். 32 ஜிபிக்கு இரண்டு 16-ஐ விட நான்கு 8 மேல். இரண்டே போட்டால் பாதி சேனல் சும்மா கிடக்கும். இசட்620-ல் 12 சிலாட் உண்டு என்றாலும், அதில் 4 இரண்டாவது ப்ராசஸர் அட்டையில் இருப்பவை. அந்த அட்டை இல்லாமல் 8 தான்.

1600 வேக ராம் போட்டும் 1066 அல்லது 1333 என்று காட்டினால் பதற வேண்டாம். ஈ5-2603, ஈ5-2609 முதல் தலைமுறை ப்ராசஸர்களுக்கு 1066 தான் உச்சம், ஈ5-2620-க்கு 1333. அது பழுதல்ல.

எட்டு 8 ஜிபியாக 64 போட்டு 56 காட்டினால் ஒரு ராம் தெரியவில்லை. பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரம் இறங்கிய பிறகு, அந்த ராமை வேலை செய்யும் சிலாட்டில் மாற்றிப் போடுங்கள். குறை ராமோடு நகர்ந்தால் ராம் பழுது. சிலாட்டிலேயே நின்றால் தங்க முனைகளையும் சிலாட்டையும் பாருங்கள். 48 காட்டி, தெரியாத இரண்டும் ஒரே சேனல் என்றால் சந்தேகம் ப்ராசஸர் பக்கம் போக வேண்டும். மெமரி கன்ட்ரோலர் ப்ராசஸருக்குள்ளேயே இருப்பதால், சாக்கெட்டில் ஒரு பின் வளைந்தாலும் அடியில் தெர்மல் பேஸ்ட் ஒட்டினாலும் முழு சேனலே போகும். ப்ராசஸர் அடியில் ஒட்டிய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, கூலர் திருகுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பயாஸில் 64 சரியாகத் தெரிந்து, விண்டோஸ் 7 ஹோம் பிரீமியத்தில் 16 மட்டும் பயன்பட்டால் அது அந்தப் பதிப்பின் வரம்பு. ராமை மாற்றிப் பயனில்லை.

புது ராமை ஓர் இரவு மெம்டெஸ்டில் (ராமைச் சோதிக்கும் மென்பொருள்) ஓட விடுங்கள். அதன் பிறகும் சில நாள் விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் வீயா-லாகர் 47 (திருத்தப்பட்ட மெமரி பிழையின் பதிவு) வருகிறதா என்று பாருங்கள். ஈசிசி ஒற்றை பிட் பிழையைச் சத்தமில்லாமல் திருத்திவிடும். பழுதாகிவரும் ராம் முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் அந்தப் பதிவில்தான்.