பரந்தனில் ஒரு வாகன வயறிங் கொட்டகை: மொறிஸ் மைனரின் ஷோர்ட் பிடிபட்ட விதம்

பரந்தன் சந்தியில் ஏ9 வீதியிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் பிரியும் ஏ35 வீதியில் சற்றுத் தூரம் சென்றால், ஒரு வேம்பின் கீழ் தகரக் கூரை போட்ட கொட்டகை தெரியும். பெயர்ப்பலகை இல்லை. வாசலில் நிற்கும் லாண்ட்மாஸ்ரர் எனும் இருசில்லு உழவு இயந்திரங்களையும் பழைய டொல்பின் வான்களையும் கொண்டே அது வாகன வயறிங் செய்யும் இடம் என்று அறிய வேண்டும். பழைய வாகனம் ஒன்றை வைத்துக்கொண்டு, எங்கோ ஷோர்ட் (வயரின் செம்பு வாகனத்தின் தகரத்தில் தொட்டு மின் குறுக்கே பாய்வது) இருக்கிறது என்று தெரிந்தும் இடம் பிடிபடாமல் அலைபவர்களுக்கு இந்தக் கொட்டகையை நான் மனதாரப் பரிந்துரைப்பேன்.

என்னுடையது அப்பா விட்டுச் சென்ற 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். பெற்றோல் தடை இருந்த 1990களில், கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து பின்னர் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் அதுவும் ஒன்று. சென்ற ஆண்டு மாரி தொடங்கியபோது, வைப்பர், எரிபொருள் மீற்றர், பிறேக் லைற், சிக்னல் ஆகிய நான்கும் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றாக நின்றுபோகத் தொடங்கின. பார்த்தால் பியூஸ் எரிந்திருக்கும். ஒரே வாரத்தில் நான்கு பியூஸ் மாற்றினேன். வேறோர் இடத்தில் காட்டியபோது, எரிந்த பியூஸின் மேலே செப்புக் கம்பியைச் சுற்றி, இனிப் போகாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னபடி பியூஸ் போகவில்லை. ஆனால் முரசுமோட்டையைக் கடக்கும்போது மீற்றர் பலகையின் பின்னாலிருந்து புகை வந்தது. பொனற்றைத் திறந்து பற்றரிக் கம்பியைக் கழற்றுவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. அந்தச் செப்புக் கம்பியைப் பற்றி நான் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது: அது திருத்த வேலை அன்று, காருக்கும் அதில் இருப்பவர்களுக்கும் வைக்கும் தீ.

இந்தக் கொட்டகைக்காரரிடம் கார் கட்டியிழுத்து வரப்பட்டபோது, அவர் முதலில் பார்த்தது பற்றரியைத்தான். மொறிஸ் மைனரில் பற்றரியின் நேர்முனைதான் காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய வாகனங்களில் அது மறுவளமாக இருப்பதால், பழக்கமில்லாதவர்கள் இதிலேயே தடுமாறிவிடுவார்கள். அவர் தடித்த கம்பி எங்கே முடுக்கப்பட்டிருக்கிறது என்று விரலால் தொடர்ந்து பார்த்து, "பிளஸ் ஏர்த் என்ன தம்பி?" என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார். நெல் மூடைகள் அடுக்கிய கொட்டிலில் கார் நிற்கிறதா, எலி கடித்திருக்குமா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி. எங்கள் பக்கத்தில் அறுவடை முடிந்த மாதங்களில் வயறிங் வேலைகளில் பல எலியால் வருபவை என்பதால் அதுவும் பொருத்தமான கேள்விதான்.

மொறிஸ் மைனரில் இருப்பவை இரண்டே பியூஸ்கள். அக்காலப் பிரித்தானியக் கார்களுக்கு மின்சாதனங்கள் செய்த லூக்காஸ் நிறுவனத்தின் நிறமுறைப்படி, பற்றரியிலிருந்து எப்போதும் மின் நிற்கும் வயர் மண்ணிறம், சாவி திருப்பிய பின் வருவது வெள்ளை, பியூஸைத் தாண்டியது பச்சை. நான்கு சாதனங்களும் ஒன்றாக நிற்கின்றன என்றால் பிழை பச்சை வயர்களில் ஒன்றில் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். பச்சை வயர்களோ காரின் பல பக்கங்களுக்கும் பிரிந்து போகின்றன.

அவர் கையாண்ட முறையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். பிறேக் லைற்றுக்குப் போடும் 21 வாற்று பல்பு ஒன்றில் இரண்டு வயர்களை ஈயத்தால் ஒட்டி வைத்திருந்தார். பியூஸைக் கழற்றிவிட்டு, அதன் இரு முனைகளுக்கும் இடையே அந்தப் பல்பை இணைத்தார். ஷோர்ட் ஏற்படும்போது முழு மின்னோட்டமும் பல்பின் ஊடாகவே போக வேண்டும் என்பதால், 12 வோல்ற்றில் அது 1.75 அம்பியருக்கு மேல் போகாது. வயரும் எரியாது, பியூஸும் வீணாகாது, பல்பு மட்டும் பிரகாசமாக எரிந்து பிழையைக் காட்டும். எஞ்சினை ஓட்டாமல் நெடுநேரம் சாவியைத் திருப்பி வைத்தால், பிளக்குகளுக்குத் தீப்பொறி கொடுக்கும் கொயில் சூடாகிவிடும் என்று, அதற்கு வரும் வெள்ளை வயரை முதலிலேயே கழற்றி ஒதுக்கி வைத்தார். மல்ரி மீற்றர் அவரிடம் இருந்தது. ஆனால் குலுங்கும்போது மட்டும் ஒரு கணம் தொட்டு விலகும் ஷோர்ட்டை மீற்றர் முள்ளைப் பார்த்துக்கொண்டு பிடிப்பதைவிட, கண்ணாடிக்கு முன்னால் தொங்கும் பல்பைப் பார்த்துக்கொண்டு பிடிப்பது எளிது என்றார்.

சாவியைத் திருப்பியதும் பல்பு எரியவில்லை. எரிபொருள் மீற்றர் இழுக்கும் சிறிய மின்னோட்டம் அதற்குப் போதாது. பின்னர் உதவிக்கு நின்ற பையன் காரைப் பிடித்து ஆட்ட, பல்பு பளிச்சென்று எரிந்து அணைந்தது. அவர் பச்சை வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற, பையன் ஒவ்வொரு முறையும் காரை ஆட்டினான். மூன்றாவது வயரைக் கழற்றிய பிறகு எவ்வளவு ஆட்டியும் பல்பு எரியவில்லை. அதைத் திரும்பப் பூட்டி, ஆட்டிப் பார்த்து உறுதி செய்த பின்னரே அந்த வயரைப் பின்தொடர்ந்தார்.

அந்த வயர் காரோடு வந்ததன்று. கதவுத் தூணிலிருந்து நீளும் பழைய சிக்னல் கைகள் வேலை செய்யாமல் போனபோது, மினுங்கும் சிக்னல் விளக்குகளுக்காகச் சித்தப்பா 1990களில் எடுத்தது. துணி பின்னிய பழைய பச்சை வயரில் சைக்கிள் டைனமோ வயரை முறுக்கி, அதன் மேல் சைக்கிள் ரியூப்பில் வெட்டிய பட்டியைச் சுற்றி, நூலால் கட்டியிருந்தார். எஞ்சின் பக்கத்துத் தகரத்தில் இருந்த துளையின் ஊடாக, றப்பர் வளையம் எதுவும் இல்லாமல் அது போயிருந்தது. ரியூப் பட்டி மரப்பட்டைபோல் இறுகி வெடித்திருந்தது. வெடிப்பினுள் செம்பு பச்சை பிடித்துத் தெரிந்தது. தகர விளிம்பில் ஒரு நெல்மணி அளவுக்குப் பெயின்ற் போய், கருகிய சிறு குழி ஒன்று இருந்தது. வயரும் இன்சுலேசன் ரேப்பும் வாங்கக் கிடைக்காத காலத்தில் செய்த அந்த இணைப்பு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தாங்கியிருக்கிறது. கொட்டகைக்காரர் அதைப் பழித்து ஒரு சொல்லும் சொல்லாமல், வெட்டியெடுத்து என் கையில் தந்தார்.

முழு வயறிங்கையும் புதிதாகப் போட்டுவிடலாமா என்று நான்தான் கேட்டேன். "புதுசாப் போடுறது பெரிய வேலையில்லை தம்பி. முன்னுக்கு இருக்கிற வயர் இன்னும் இறுக்கமா நல்லாத்தான் கிடக்கு, அதை ஏன் பிடுங்குவான்?" என்றார். புகைந்த பகுதியை மட்டும் வெட்டி, பச்சைக்குப் பச்சை வயரே போட்டு, ஈயம் ஒட்டி, சூட்டில் சுருங்கும் உறை ஏற்றி, துளைக்கு றப்பர் வளையம் வைத்தார். பியூஸ் விடயத்தில் அவர் சொன்னது எனக்குப் புதிது: பழைய லூக்காஸ் பியூஸில் 35 என்று இருப்பது அது எரிந்துபோகும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17 அம்பியர்தான், இப்போது கடையில் கிடைக்கும் கண்ணாடிப் பியூஸில் இருப்பதோ தாங்கும் அளவு. ஆகவே எண்ணைப் பார்த்து 35 வாங்கிப் போட்டால் இரு மடங்கு பெரிய பியூஸ் போட்டதாகிவிடும். அவர் 15 போட்டார். இந்தக் காரில் பெரிய லைற்றுகளுக்குப் பியூஸே கிடையாது என்பதால், என்னிடம் கேட்டுவிட்டு அவற்றுக்கும் தனியாக ஒரு பியூஸ் வைத்தார்.

கூலி 7500 ரூபா, பொருட்களுக்கு 2200 ரூபா. பிழை பிடிபட்டது ஒரு முற்பகலில். ஆனால் கார் என் கைக்கு வர நான்கு நாட்களாயின. நாள் குறித்துக் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை, அறுவடைக் காலத்தில் உழவு இயந்திரம் ஒன்று வந்தால் அதற்கே முதலிடம். பற்றுச்சீட்டும் கேட்டால்தான் ஒரு துண்டில் எழுதித் தருகிறார். காத்திருப்பவர்களுக்கு வேம்பின் நிழலைத் தவிர இருக்க இடமில்லை. முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். பின்பக்கம் போகும் வயர்களில் துணி உறை உதிரத் தொடங்கியிருப்பதைக் காட்டி, அடுத்த மாரிக்கு முன்னர் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். சிறுபோக அறுவடை முடிந்ததும் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.