பிளாஸ்மிட் பங்கீடு: எண்ணிக்கையா, எந்திரமா, நஞ்சா?

ஈ.கோலை பாக்டீரியாவின் செல் இரண்டாகப் பிரியும்போது அதன் குரோமோசோம் இரு சேய்ச்செல்களுக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிடும். குரோமோசோமோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் வட்ட டிஎன்ஏவான பிளாஸ்மிட்டின் பாடுதான் கவலைக்கிடம். ஒரு சேய்க்கு ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை என்றால், அந்த வம்சத்தில் அது அத்தோடு காலி.

இதற்கு மிக எளிய தீர்வு, பிரதிகளை ஏராளமாக வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தற்செயலுக்கு விட்டுவிடுவது. இரண்டே பிரதிகள் இருந்தால், ஒரு சேய் வெறுங்கையோடு போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. நான்கு என்றால் 8-ல் 1. இருபது என்றால் சுமார் 5 லட்சத்தில் 1. கோல்ஈ1 போன்ற சிறிய பிளாஸ்மிட்டுகள் இந்தக் கணக்கை நம்பித்தான் பிழைக்கின்றன. ஆனால் இதில் ஒரு ஓட்டை உண்டு. பிரதிகள் ஒன்றோடொன்று இணைந்து இரட்டையாகிவிட்டால், பங்கிடக் கிடைக்கும் துண்டுகளின் எண்ணிக்கை சரிந்துவிடும். அதனால்தான் கோல்ஈ1-இல் 'செர்' என்ற இடம் இருக்கிறது. செல்லின் எக்ஸ்இஆர்சி, எக்ஸ்இஆர்டி புரதங்கள் அங்கே வெட்டி இரட்டைகளைப் பிரித்துவிடும். ஆய்வகத்தில் தினமும் புழங்கும் பியுசி வகைப் பிளாஸ்மிட்டுகளில் செர் கிடையாது. வளர்ப்பு ஊடகத்தில் கலக்கும் ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாடிக்தான் அதைக் காப்பாற்றுகிறது; எதிர்ப்பு மரபணு உள்ள அந்தப் பிளாஸ்மிட்டை இழந்த செல் பிழைக்காது. அந்தக் காவலும் முழுசாக இல்லை. அந்த மரபணு தரும் பீட்டா லாக்டமேஸ் நொதி ஊடகத்தில் சேர்ந்து மருந்தைச் சிதைத்தபின், பிளாஸ்மிட்டை இழந்த செல்களும் தாராளமாக வளரும்.

நூறு கிலோபேஸ் (ஒரு லட்சம் டிஎன்ஏ எழுத்து இணைகள்) அளவுள்ள பெரிய பிளாஸ்மிட் இருபது பிரதி வைத்துக்கொண்டால் செல் தாங்காது. ஆகவே பிரதிகள் குறைவு, பங்கீட்டுக்கு எந்திரம் கட்டாயம். இங்கே இரண்டு பெரிய போட்டியாளர்கள்.

முதலாவது, ஆர்1 பிளாஸ்மிட்டின் பார்எம். இது நம் தசையிலும் உள்ள இழைப் புரதமான ஆக்டினின் உறவுக்காரப் புரதம். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் துணையோடு இழையாக நீளும். பிடிப்பு கிடைக்காவிட்டால் அப்படியே உதிர்ந்துவிடும். பிளாஸ்மிட்டில் உள்ள பார்சி பகுதியில் பார்ஆர் புரதங்கள் வளையம்போல அடுக்கி உட்கார்ந்து, இழையின் நுனியைப் பிடித்துக்கொள்கின்றன. இப்படிப் பிடிபட்ட இரண்டு இழைகள் எதிரெதிர்த் திசையில் பக்கம் பக்கமாகச் சேர்ந்ததும் கட்டமைப்பு உறுதியாகிறது. புதிய பார்எம் துணுக்குகள் பார்ஆர் இருக்கும் நுனியிலேயே செருகப்படுவதால், இரு பிளாஸ்மிட்டுகளும் செல்லின் இரு முனைகளுக்குத் தள்ளப்படுகின்றன. இந்த எதிரெதிர் இழை அமைப்பை 2012-இல் காட்டிய கேம்பிரிட்ஜ் ஆய்வின் முதல் ஆசிரியர் பி. காயத்ரி, பிற்பாடு புனேயில் உள்ள ஐசர் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனத்தில் தன் ஆய்வகத்தை அமைத்தவர். இவ்வளவு சிறிய செல்லுக்குள், மூன்றே உறுப்புகளால் ஆன ஒரு தள்ளும் எந்திரம்! எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

இரண்டாவது, எஃப், பி1 பிளாஸ்மிட்டுகளில் உள்ள பார்ஏ-பார்பி வழி. இதற்கென்று தனித் தண்டவாளம் கிடையாது. செல்லின் குரோமோசோமே தரை. ஏடிபியைப் பிடித்த பார்ஏ அதன்மேல் பரவி ஒட்டியிருக்கும். பிளாஸ்மிட்டில் கூட்டமாக உட்கார்ந்த பார்பி, தொட்ட இடத்திலெல்லாம் பார்ஏவைக் கழற்றிவிடுகிறது. கழன்ற பார்ஏ திரும்ப ஒட்டக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் பிளாஸ்மிட், வரப்புக்கு வரப்பு மேய்ந்துகொண்டே போகும் ஆடுபோல, பார்ஏ மிச்சமிருக்கும் பக்கம் நகர்ந்துவிடும். இரண்டு பிரதிகள் இருந்தால் ஒன்று காலி செய்த இடத்துக்கு மற்றது வராது. தானாகவே விலகி நிற்கும்.

மூன்றாவதாக, இன்னொரு இழைப் புரதமான டியூபுலினின் உறவு வகையும் உண்டு. கொசுப்புழுவைக் கொல்லும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸின் நச்சு மரபணுக்களைச் சுமக்கும் பிபிடாக்ஸிஸ் பிளாஸ்மிட் அதைத்தான் பயன்படுத்துகிறது. சில பிளாஸ்மிட்டுகளோடு நின்றுவிட்ட வழி என்பதால் இதை நீட்டவில்லை.

அப்புறம் நஞ்சு வழி. இதைப் பங்கீடு என்றே சொல்ல முடியாது. பங்கு கிடைக்காத சேயைக் கொல்லும் ஏற்பாடு இது. ஆர்1-இல் ஹாக் என்ற நஞ்சுப் புரதத்தை உருவாக்கும் ஹாக் ஆர்என்ஏ நீண்ட நேரம் நிலைக்கும். அதை அடக்கும் சாக் ஆர்என்ஏ சீக்கிரம் சிதைந்துவிடும். பிளாஸ்மிட் போனதும் புதிய சாக் வராது. ஹாக் புரதம் உருவாகிச் செல்லின் சவ்வைக் குலைக்கும். எஃப்-இல் இதே வேலையை சிசிடிபி என்ற நஞ்சுப் புரதம் செய்கிறது. அதன் குறி, டிஎன்ஏவின் முறுக்கைச் சீராக்கும் நொதியான டிஎன்ஏ கைரேஸ்.

ஆர்1-இலும் எஃப்-இலும் எந்திரம், நஞ்சு இரண்டுமே இருப்பதைக் கவனியுங்கள். எந்திரம் தவறவிட்டதை நஞ்சு தீர்த்துக்கட்டுகிறது. ஆர்1 சுமப்பதோ மருந்து எதிர்ப்பு மரபணுக்கள். இப்படிப்பட்ட பிளாஸ்மிட், ஆன்டிபயாடிக்கை நிறுத்திய உடனே கிருமியை விட்டுப் போய்விடும் என்று எதிர்பார்க்க முடியாது.

சரி, எது மேல்? பொறியியல் அழகில் பார்எம். பொதுப்பயனில் பார்ஏ வழிதான் என் தேர்வு. செல்லில் ஏற்கெனவே இருப்பதையே தரையாக வைத்துக்கொள்கிறது; குறைந்த பிரதிப் பிளாஸ்மிட்டுகளில் மிகப் பரவலாக இருப்பதும், காலோபாக்டர் போன்ற பாக்டீரியாக்களின் குரோமோசோமையே பிரிக்க உதவுவதும் இதே குடும்பம். மனித மரபணுத்தொகைத் திட்டத்தில் நூறு கிலோபேஸுக்கும் மேற்பட்ட மனித டிஎன்ஏ துண்டுகளை ஈ.கோலையில் வைத்துக் காத்த, எஃப்-இலிருந்து உருவாக்கிய 'பேக்' பிளாஸ்மிட் குளோன்களும் எஃப்-இன் இந்த ஏற்பாட்டை நம்பியே நிலைத்தன.