தெலுக் ஆயர் நடைப்பயணம்: பழைய கரையைத் தேடி

சிங்கப்பூரின் பழைய கரையோரத்தை நடந்தே காட்டும் வழிகாட்டிச் சேவை ஒன்றில் சென்ற வாரம் கலந்துகொண்டேன். மலாயில் ‘நீர் விரிகுடா’ என்று பொருள்படும் தெலுக் ஆயர் தெருவில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் எழுப்பிய நாகூர் தர்காவின் வாசலில் எங்களை நிறுத்தி, அக்காலத்தில் இத்தெருவை ஒட்டியே கடல் இருந்தது என்று வழிகாட்டி சொன்னபோது, எதிரே வானளாவிய கட்டடங்கள் மட்டுமே தெரிந்தன. எனக்கு மெய் சிலிர்த்தது. வாலிச் குன்றை வெட்டியெடுத்த மண்ணால் 1880களில் விரிகுடாவைத் தூர்த்ததையும், அந்த நிலத்தில் ராபின்சன் சாலையும் செசில் தெருவும் உருவானதையும் பழைய வரைபடத்தில் விரல் வைத்துப் பொறுமையாக விளக்கினார். இந்த ஒரு பகுதிக்காகவே கட்டணம் தகும்.

கடலே கண்ணுக்குத் தெரியாத பீச் ரோட்டை அவசரமாகக் கடந்ததுதான் பெருங்குறை. 1887இல் கடலைப் பார்த்தபடி திறக்கப்பட்ட ராஃபிள்ஸ் ஹோட்டலின் முன் ஐந்து நிமிடமாவது நின்றிருக்கலாம். ஒலிபெருக்கி இல்லாததால், வாகன இரைச்சலில் பின்னால் வந்தவர்களுக்குப் பாதி கேட்கவில்லை. செல்பவர்கள் வழிகாட்டிக்கு அருகிலேயே நடப்பது நல்லது.