ஆன்டிபாடி ஆர்டர் போடறதுக்கு முன்னாடி: ஹியூமன் புரோட்டீன் அட்லஸ் ரிவ்யூ

ஐலெட்ல (கணையத்துல இன்சுலின் மாதிரி ஹார்மோன் சுரக்கற செல் திட்டு) குளுக்கோகைனேஸ்ங்கற என்சைம் எந்த செல்லுல இருக்குன்னு தேடறவங்களுக்காக எழுதறேன். ஆன்டிபாடி (ஒரு குறிப்பிட்ட புரோட்டீன தேடி ஒட்டிக்கற மூலக்கூறு) ஒரு குட்டி குப்பி விலையே ஃபெலோஷிப் பணத்த முழுங்கிடும், அதனால எந்த புரோட்டீன் எந்த திசுவுல இருக்குன்னு காட்டற ஹியூமன் புரோட்டீன் அட்லஸ் சைட்ட முதல்ல அலசிடுங்க. ஸ்வீடன்ல 2003ல ஆரம்பிச்ச ப்ராஜெக்ட், லாகினும் வேணாம் காசும் வேணாம்.

எனக்கு ரொம்ப புடிச்சது, முடிவ மட்டும் சொல்லாம ஸ்லைடையே காட்டுறாங்க. கணையத்த பெருசு பண்ணி பாத்தா செரிமான என்சைம் சுரக்கற அசினார் செல்லுங்க நெருக்கியடிச்சு நிக்கும், நடுவுல வெளிறுன திட்டு ஒண்ணு தெரியும், அதான் ஐலெட். நியூக்ளியஸ் நீலம், புரோட்டீன் இருக்கற எடம் பழுப்பு. எக்ஸோகிரைனுக்கு (அசினார் பக்கம்) தனி மார்க், எண்டோகிரைனுக்கு (ஐலெட் பக்கம்) தனி மார்க், கூடவே அந்த ஆன்டிபாடிய எவ்ளோ நம்பலாம்னு என்ஹான்ஸ்ட்ல இருந்து அன்சர்டன் வரைக்கும் ரேட்டிங் வேற. நெறைய பேரு இந்த ரேட்டிங்க பாக்காமலே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பிபிடில ஒட்டிடுறாங்க, கேட்டா கோவம் வருது.

இப்ப குறை. ஐலெட் மொத்த கணையத்துல 1-2 சதவீதம்தான், இவங்க வைக்கற துண்டோ 1 மில்லிமீட்டர் வட்டம், அதுல நல்ல ஐலெட் மாட்டறது அதிர்ஷ்டம். மொத்த திசு ஆர்என்ஏ சார்ட்லயும் இதே கதைதான், ஐலெட்ல இன்சுலின் சுரக்கற பீட்டா செல்லோட சிக்னல் அசினார் கூட்டத்துல கரைஞ்சுடும், அதனால ஒவ்வொரு செல் வகைக்கும் ஆர்என்ஏவ தனியா காட்டற சிங்கிள் செல் பக்கத்துக்கு நேரா போயிடுங்க. அப்புறம் ஐலெட்ல பழுப்பு தெரிஞ்ச உடனே பீட்டா செல்னு எழுதிடாதீங்க, குளுக்ககான் சுரக்கற ஆல்ஃபா செல்லுலயும் இந்த என்சைம் இருக்கு, பிரிச்சு சொல்ல இன்சுலினையும் சேத்து ஒரே ஸ்லைடுல காட்டற டபுள் ஸ்டெயின் நீங்கதான் போடணும். இது ஹெக்சோகைனேஸ் குடும்பத்துல நாலாவது, கூடப்பொறந்தவங்கள ஆன்டிபாடி புடிச்சுக்கற ரிஸ்க் இருக்கு, அதனால ஆன்டிஜென் (அந்த ஆன்டிபாடிய உருவாக்க பயன்படுத்துன புரோட்டீன் துண்டு) தகவலையும் பாத்துடுங்க.

ஸ்டெயின் வேலை செய்யுதான்னு ஒப்பிட்டு பாக்க, கன்ட்ரோலுக்கு கல்லீரல் வைக்கறவங்களுக்கு ஒண்ணு: பட்டினி போட்ட எலியோட கல்லீரல்ல குளுக்கோகைனேஸ் நியூக்ளியஸுக்குள்ள போய் உக்காந்துருக்கும், ரெகுலேட்டரி புரோட்டீன் ஒண்ணு அங்க புடிச்சு வெச்சுக்கும், ஸ்டெயினிங் சொதப்பிடுச்சுன்னு ஸ்லைட தூக்கிப் போட்டுடாதீங்க.

5க்கு 4 தரலாம். போன்ல பாக்காதீங்க, பெரிய ஸ்க்ரீன்ல பாத்தாதான் ஐலெட் ஓரமே தெளிவா தெரியும்.