கார் மெத்தையும் நுவரெலியாக் குளிரும்

மட்டக்களப்பு டவுனில் 9,500 ரூபாய்க்கு வாங்கிய காற்று மெத்தை இது, காரின் பின்சீட்டில் விரித்துப் படுக்கிற வகை. தனியே ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன் பிடிக்கப் போகிறேன் என்றதும் வீட்டில் ஒரே சிரிப்பு, வாவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீனுக்கு மலை ஏறுவதா என்று.

செங்கலடியில் ஏறினால் மகா ஓயா, பிபிலை, பதுளை என்று ஏ5 வீதியிலேயே நுவரெலியா போய்விடலாம். மகா ஓயா வெந்நீர் ஊற்றடியில் மெத்தையை ஊதிப் பார்த்தேன், கல் மாதிரி நின்றது. பம்பை சிகரெட் லைட்டர் துளையில் குத்தினால் போதும், ஆனால் சத்தம் கிரைண்டர் தோற்கும்.

நுவரெலியாவில் இரவு 2 மணிக்கு முதுகு சீட் பெல்ட் கொளுவியில் குத்த விழித்தேன். ஓட்டைதான் என்று நினைத்து சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பார்த்தால் ஒரு குமிழியும் இல்லை. அப்புறம்தான் விளங்கியது, சாயந்தரம் ஊதிய காற்று அந்த இரவுக் குளிரில் சுருங்கிவிட்டது. திரும்ப பம்பைப் போட்டதும் தோட்டத்து நாய்களெல்லாம் குரைக்கத் தொடங்கின.

காலையில் அனுமதி கேட்டு ஓடையில் தூண்டில் போட்டேன். வெள்ளைக்காரர் 1880களில் கொண்டுவந்து விட்ட மீனாம், என் நிழலைக் கண்டதுமே கல்லுக்கடியில் போய்விட்டது. பாணும் சம்பலும்தான் சாப்பாடு.

மெத்தை ஒரு ஆளுக்குத் தாராளம். பெட்டியில் இரண்டு பேர் படுத்திருக்கிற படத்தை மட்டும் நம்பவேண்டாம். மலைக்குப் போனால் படுக்கும் முன் இன்னொரு தடவை ஊதிவிடுங்கள்.