சார்ஜர் சரக்கு: நேரடி இறக்குமதியா, ரிச்சி தெருவா?

புதுச்சேரி நேரு வீதியிலோ கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலோ மொபைல் கடை நடத்துபவர்கள், சார்ஜரை வெளிநாட்டிலிருந்து நேரடியாக இறக்குவதா, சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் மொத்த வியாபாரியிடம் வாங்குவதா என்று கணக்குப் போட்டுப் பார்க்க:

செலவு
நேரடி: 2024 ஜூலை பட்ஜெட் விகிதப்படி, 100 ரூபாய் சரக்குக்குச் சுங்கவரி 15, சமூகநலக் கூடுதல் வரி 1.50. ஆக 116.50, அதன்மேல் 18% ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்குக் கட்டும் ஜிஎஸ்டி) 20.97. ஐஜிஎஸ்டி உள்ளீட்டு வரவாகக் கிடைக்கும், அதாவது விற்கும்போது கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம்; முதல் இரண்டு வரிகளான 16.50 கிடைக்காது.
ரிச்சி தெரு: அந்த 16.50 விலையிலேயே இருக்கும், மொத்த வியாபாரியின் லாபமும் சேரும்.

வரி மாறினால்
நேரடி: ஆபத்து முழுக்க நம் தலையில். அந்த பட்ஜெட்டில் சுங்கவரி 20%-இலிருந்து 15% ஆனது. பழைய வரியில் இறக்கியவருக்கு 100-க்கு 5.50 கூடுதல் அடக்கம்; பக்கத்துக் கடை புதுச் சரக்கை அந்த அளவு குறைத்து விற்கலாம். ஆர்டர் போட்ட நாளின் வரி செல்லாது. பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துறைக்கான இறக்குமதிப் படிவம்) தாக்கல் செய்த நாள், கப்பலுக்கு உள்நுழைவு அனுமதி கிடைத்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அன்றைய வரிதான். முன்கூட்டியே தாக்கல் செய்து வரியைப் பூட்டிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள், முடியாது. பாண்டட் கிடங்கில் (வரி கட்டாமல் சரக்கை வைக்கும் சுங்கக் கிடங்கு) வைத்தால், வெளியே எடுக்கப் பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்யும் நாளின் வரி.
ரிச்சி தெரு: வாரச் சரக்கு மட்டும் எடுத்தால் இழப்பும் ஒரு வாரத்தோடு நிற்கும்.

காகிதம்
நேரடி: ஐஇசி எண் (இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண்), தயாரிப்பாளரின் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு. பதிவில்லாத சார்ஜர் துறைமுகத்திலேயே நிற்கும், வாடகை ஏறும்.
ரிச்சி தெரு: ஜிஎஸ்டி பில் போதும். பிஐஎஸ் குறியை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

ஒரே கடை என்றால் ரிச்சி தெருதான். பல கடைகளுக்குச் சேர்த்து வாங்கி, ஒரு மாதத்துக்குள் விற்றுத் தீர்ப்பவருக்கு மட்டும் நேரடி இறக்குமதி. அதுவும் ஜனவரியில் பெரிய ஆர்டர் வேண்டாம், பிப்ரவரி 1 பட்ஜெட்டைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.