சூடு காட்டிய மாணிக்கம் என்று சொல்லி விற்றது, கண்ணாடி நிரப்பிய கல்: நிச்சய மோதிரம் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நிச்சயதார்த்த மோதிரத்துக்கு வைரம் வேண்டாம், மாணிக்கமோ நீலமோ மரகதமோ வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். "சூடு மட்டும் காட்டிய இயற்கை மாணிக்கம்" என்று எங்களிடம் விற்கப்பட்ட கல், விரிசல் முழுக்க ஈயக் கண்ணாடியை உருக்கி ஊற்றி ஒட்டவைத்த கல். ஆய்வக அறிக்கை கையில் இருக்கிறது. கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் எப்படி விற்றார்கள் என்பதை முழுவதும் எழுதுகிறேன். இந்த முறை அந்த ஒரு கடையோடு நிற்கிற விஷயமல்ல.

நிறக்கல்லைத் தேர்ந்தெடுத்ததில் எங்கள் இருவருக்கும் இப்போதும் வருத்தமில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே சிவப்புக் கல் பிடிக்கும், என் துணைவருக்கு வைரத்தின் மீது பெரிய ஆர்வம் கிடையாது. தினமும் போடுகிற மோதிரத்துக்கு மாணிக்கமும் நீலமும் நன்றாகத் தாங்கும். இரண்டுமே குருந்தம் என்ற ஒரே கனிமம்தான், கீறலைத் தாங்கும் திறனைக் காட்டும் மோஸ் கடினத்தன்மை அளவில் 9. வைரம் 10. வீட்டுத் தூசியில் கலந்திருக்கும் மணல்துகள் ஏறக்குறைய 7 என்பதால் துடைக்கும்போது குருந்தத்தில் கீறல் விழாது. டயானாவின் 1981 நிச்சய மோதிரத்தில் நடுவில் இருந்தது 12 காரட் நீலக்கல். 2010-இல் அதே மோதிரம் அவருடைய மூத்த மகனின் நிச்சயத்துக்கும் வந்தது. அதனால் "வைரம் இல்லாவிட்டால் நிலைக்காது" என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ள வேண்டாம். பிரச்சினை கல்லின் வகையில் இல்லை. அந்தக் கல்லுக்கு என்னென்ன செய்தார்கள் என்பதை மறைத்து விற்பதில்தான் இருக்கிறது.

கடையில் நடந்தது இது. கல்லைக் காட்டியதுமே நான் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு ஏதாவது ட்ரீட்மென்ட் பண்ணியிருக்காங்களா?" என்பதுதான். விற்பனையாளர் கொஞ்சமும் தயங்கவில்லை. "சூடு காட்டியிருக்கு மேடம். அதை மறைக்க மாட்டோம். சூடு காட்டாத மாணிக்கம் கிடைக்கிறதே அபூர்வம், உலகம் முழுக்க இதுதான் வழக்கம். நிறம் அப்படியே இருக்கும், கல்லுக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் சூடு மட்டும் காட்டிய கல்லைப் பொறுத்தவரை சரிதான். மாணிக்கத்தையும் நீலத்தையும் உலையில் வைத்து, சில சமயம் 1,700, 1,800 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி நிறத்தையும் தெளிவையும் கூட்டுவது பழக்கமான வேலை. சந்தையில் இருக்கும் மாணிக்கங்களில் பெரும்பாலானவை அப்படி வந்தவைதான். நாங்களும் போவதற்கு முன் அதைப் படித்திருந்தோம். அதனால் அவர் தானாகவே ஒப்புக்கொண்டதும் நேர்மையான மனிதர் என்று தோன்றிவிட்டது. இந்த வியாபாரத்தின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது: சின்ன விஷயத்தைத் திறந்து சொல்லி, பெரிய விஷயத்தை அதன் பின்னால் ஒளித்துவிடுவது.

பெரிய விஷயம் என்ன என்று சொல்கிறேன். மங்கலான, விரிசல் விழுந்த, பட்டை தீட்டவே லாயக்கில்லாத குருந்தத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அமிலத்தில் கழுவி விரிசல்களில் இருக்கும் அழுக்கை நீக்குகிறார்கள். பிறகு ஈயம் நிறைய கலந்த கண்ணாடிப் பொடியோடு சேர்த்துச் சூடாக்குகிறார்கள். கண்ணாடி உருகி விரிசலுக்குள் ஓடி நிரம்பிவிடும். சாதாரணமாக விரிசல் நம் கண்ணுக்குத் தெரிவதற்குக் காரணம், உள்ளே இருக்கும் காற்றும் கல்லும் ஒளியை வேறு வேறு அளவில் வளைப்பதுதான். ஈயம் சேர்த்த கண்ணாடியின் ஒளிவிலகல் மாணிக்கத்தின் ஒளிவிலகலுக்கு அருகில் வந்துவிடுவதால் விரிசல் மறைந்துபோகிறது. எதற்கும் உதவாத கல் ஒரே நாளில் கண்ணைப் பறிக்கும் சிவப்பாகிவிடும். இப்படிப்பட்ட கற்கள் சந்தையில் பரவலாக வரத் தொடங்கியது 2000-களின் நடுவில். சிலவற்றில் கண்ணாடியின் பங்கு மிக அதிகம், கண்ணாடியை எடுத்துவிட்டால் கல் துண்டு துண்டாகிவிடும். கண்ணாடியின் எடைக்கும் சேர்த்துத்தான் காரட் கணக்கில் பணம் கொடுக்கிறோம் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்த மேசைக்கு மேல் மஞ்சள் கலந்த விளக்கு. அந்த ஒளியில் எந்தச் சிவப்புக் கல்லும் தணல் மாதிரிதான் தெரியும். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்க்கிறேன் என்றேன். பாதுகாப்பு விதி, கல்லை மேசையை விட்டு நகர்த்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஓர் ஊழியரைக் கூட அனுப்பினால் முடிந்துபோகிற விஷயம் அது. பகல் வெளிச்சத்தில் கல்லைப் பார்க்க விடாத இடத்தில் வாங்காதீர்கள், அது எவ்வளவு பெரிய கடையாக இருந்தாலும் சரி.

மோதிரத்தோடு பளபளப்பான ஓர் அட்டை கொடுத்தார்கள். "இயற்கை மாணிக்கம்" என்று தங்க எழுத்தில் இருந்தது. சோதித்தது யார், எந்த ஆய்வகம், அறிக்கை எண் என்ன என்று ஒன்றும் இல்லை. கேட்டதற்கு, "இது எங்க கடையோட உத்தரவாதம் மேடம், வெளியே கொடுத்துச் சோதிச்சா வீணா நாள் ஆகும்" என்றார்கள். பில்லில் தங்கத்தின் எடை, தரம், செய்கூலி எல்லாம் விவரமாக இருந்தன. கல்லுக்கு மட்டும் "நிறக்கல் - 1" என்று ஒரே வரி. மாணிக்கம் என்ற சொல் பில்லில் எங்குமே இல்லை.

சில மாதங்களில் கல்லின் மேல்பக்கத்தில் வெள்ளையாக மெல்லிய கோடுகள் தெரிய ஆரம்பித்தன. அழுக்கு என்று நினைத்து மென்மையான தூரிகையால் தேய்த்தேன், போகவில்லை. நாளாக ஆக அவை சிலந்தி வலை மாதிரி பரவின. மோதிரம் விரலில் கொஞ்சம் தளர்வாகவும் இருந்ததால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி வேறொரு பொற்கொல்லரிடம் கொடுத்தோம். வயதானவர். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸை எடுத்துக் கல்லை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மா, இதை நான் நெருப்புல காட்ட மாட்டேன். உள்ளே பாருங்க" என்று லென்ஸை என்னிடமே கொடுத்தார். கல்லுக்குள் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள். ஒரு கோணத்தில் சாய்த்தபோது விரிசலின் தளம் முழுக்க நீலமாக ஒரு மின்னல் வந்து போனது. மாணிக்கத்துக்குள் அந்த நீலத்துக்கு என்ன வேலை? நிரப்பிய கண்ணாடியின் அடையாளம் அது.

அவர் மட்டும் பார்க்காமல் ஊதுகுழலைப் பிடித்திருந்தால் கண்ணாடி உருகி வழிந்து கல் அங்கேயே பாழாகியிருக்கும். பழியும் அவர் மேல்தான் விழுந்திருக்கும். இந்த ஏமாற்று வேலையில் கடைசியில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பழுதுபார்க்க வந்தவர்தான். வெள்ளைக் கோடுகள் எங்கிருந்து வந்தன என்பதும் அன்றுதான் புரிந்தது. ஈயக் கண்ணாடி அமிலத்துக்கும் காரத்துக்கும் நிற்காது. எலுமிச்சைச் சாறும், தரை துடைக்கும் திரவமும் போதும், மேல்பரப்பில் இருக்கும் கண்ணாடியை அரித்துவிடும். உண்மையான குருந்தத்தை இவை தொடவே தொடாது.

பிறகு ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அறிக்கையில் இருந்தது: ஈயம் மிகுந்த கண்ணாடி பெருமளவில் நிரப்பப்பட்ட குருந்தம், கையாள்வதில் தனிக் கவனம் தேவை.

அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். அங்கே கிடைத்த பதிலை அப்படியே எழுதுகிறேன்: "சூடு காட்டின கல்லுன்னு நாங்க சொன்னோமே? கண்ணாடியையும் சூட்டுலதானே உருக்குறாங்க." வாயடைத்துப் போனோம். அப்புறம் மேலாளர் வந்தார். குரலை உயர்த்தவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். தங்கத்தை அன்றைய விலைக்கு எடுத்துக்கொள்கிறேன், கல்லுக்குத் திரும்ப மதிப்பு கிடையாது, வேண்டுமென்றால் இதே வகையில் வேறு கல் பதித்துத் தருகிறேன் என்றார். இதே வகையிலாம்! நீங்கள் விற்றது மாணிக்கம் என்று எழுதிக் கொடுங்கள் என்று என் துணைவர் கேட்டார். எழுதிக் கொடுக்க மறுத்துவிட்டார்கள்.

இப்படிக் கண்ணாடி கலந்ததை வெறுமனே மாணிக்கம் என்று சொல்லி விற்பது ஏமாற்று என்பது நான் கோபத்தில் சொல்கிற வார்த்தை அல்ல. அமெரிக்காவின் வணிக ஆணையம் 2018-இல் திருத்தி வெளியிட்ட நகை விற்பனை வழிகாட்டு நெறிகளே அப்படித்தான் சொல்கின்றன. கண்ணாடி நிரப்பிய கல்லை விற்பது குற்றமில்லை. அழகாக இருக்கிறது, விலை குறைவு, விவரம் தெரிந்து ஒருவர் வாங்கினால் அது அவர் விருப்பம். விவரத்தைச் சொல்லாமல், நல்ல மாணிக்கத்தின் விலையை வாங்கிக்கொண்டு விற்பதுதான் அநியாயம்.

மற்ற கற்களிலும் இதே வேலை நடக்கிறது. நீலத்தில் கோபால்ட் சேர்த்த கண்ணாடியை நிரப்புகிறார்கள். பெரிலியம் சேர்த்துச் சூடாக்கி நிறத்தையே மாற்றுவதும் உண்டு. அந்த நிறம் நிலையானதுதான், ஆனால் சூடு மட்டும் காட்டிய கல்லின் விலைக்கு அது தகுதியில்லை, லென்ஸில் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. டைட்டானியம் சேர்த்து மேல்தோலில் மட்டும் நிறம் ஏற்றிய கற்களை மறுபடி பட்டை தீட்டினால் நிறம் வெளுத்துவிடும்.

மரகதம் கொஞ்சம் வேறு. இயல்பிலேயே உள்ளே இழைகளும் விரிசல்களும் நிறைந்த கல் அது. எண்ணெய் ஊறவைப்பது பழைய வழக்கம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். எவ்வளவு, எதை ஊற்றினார்கள் என்பதுதான் கேள்வி. நல்ல ஆய்வகங்கள் கொஞ்சம், மிதம், அதிகம் என்று பிரித்து எழுதும். எண்ணெய் நாளடைவில் வற்றலாம், அதிர்வலைக் கருவியில் சுத்தம் செய்தால் வெளியேறியும்விடலாம். தினமும் கையில் போட மரகதத்தைவிட ஸ்பினல் என்ற கல் எனக்குப் பிடிக்கிறது. கடினத்தன்மை 8, பெரும்பாலும் எந்தச் செய்கையும் இல்லாமலே கிடைக்கும். பிரிட்டிஷ் மகுடத்தில் கறுப்பு இளவரசரின் மாணிக்கம் என்று பெயர் வாங்கிய அந்தப் பெரிய சிவப்புக் கல்லே ஸ்பினல்தான். தான்சனைட் என்ற கல்லின் நீலம் யாரையும் மயக்கும், ஆனால் கடினத்தன்மை 6-லிருந்து 7-க்குள்தான், ஓர் இடி பட்டால் பிளந்துவிடவும் கூடும். காதணியாகப் போடுங்கள், நிச்சய மோதிரத்துக்கு வேண்டாம்.

வாங்கப் போகிறவர்கள், "ட்ரீட்மென்ட் இருக்கா" என்று பொதுவாகக் கேட்டு நிறுத்தாதீர்கள். அந்தக் கேள்விக்கு "சூடு" என்று ஒரே வார்த்தையில் தப்பித்துவிடலாம். "விரிசலில் ஏதாவது நிரப்பியிருக்கிறதா? கண்ணாடியா, எண்ணெயா, பிசினா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இயற்கைக் கல்லா, ஆய்வகத்தில் வளர்த்ததா என்பதைத் தனியாகக் கேளுங்கள். செயற்கை மாணிக்கம் 1902-லிருந்தே இருக்கிறது, அது புதுசு ஒன்றுமில்லை. பதில்களைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்: கல்லின் பெயர், காரட் எடை, இயற்கையா செயற்கையா, என்னென்ன செய்தார்கள். "நிறக்கல்" என்று மட்டும் எழுதினால் பணத்தை எடுக்காதீர்கள். விலை அதிகமென்றால், கல்லை மோதிரத்தில் பதிப்பதற்கு முன்பே வெளி ஆய்வகத்தில் சோதித்துவிடுங்கள். பதித்த பிறகு அடிப்பக்கம் மறைந்து பாதி விஷயம் தெரியாமல் போகும். அறிக்கை இருக்கிறது என்று சொன்னால், அதன் எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். ஜிஐஏ (அமெரிக்க ரத்தினக்கல் நிறுவனம்) போன்ற பெரிய ஆய்வகங்களில் அந்த வசதி உண்டு. அறிக்கையில் முன்பக்கத்துப் படத்தையும் எடையையும் பார்த்துவிட்டு மூடிவிட வேண்டாம். நிரப்பிய விவரம் பெரும்பாலும் கீழே குறிப்புகள் பகுதியில்தான் சின்ன எழுத்தில் இருக்கும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டு இதைப் படித்துப் பதறுகிறவர்கள், விளக்குக்குக் கீழே கல்லின் தட்டையான மேல்முகத்தில் ஒளி பட்டுத் திரும்பும்படி சாய்த்துப் பாருங்கள். கண்ணாடி குருந்தத்தைவிட மென்மையானது, பளபளப்பும் குறைவு. அதனால் நிரப்பிய இடங்கள் மங்கிய கோடுகளாகத் தெரியலாம். தெரியாவிட்டால் கல் சுத்தம் என்று அர்த்தமில்லை, ஒரு தடவை ஆய்வகத்தில் காட்டிவிடுங்கள். அதுவரை அளவு மாற்றக் கொடுக்க வேண்டாம், அதிர்வலைக் கருவியிலோ அமிலத்திலோ போட வேண்டாம், சமையல், துப்புரவு வேலைகளின்போது கழற்றி வைத்துவிடுங்கள்.

எங்கள் புகார் நுகர்வோர் மன்றத்தில் இருக்கிறது. கடை கொடுத்த பில்லும் அட்டையும் எங்களுக்குப் பெரிதாக உதவவில்லை. உதவியது, வாங்குவதற்கு முந்தின இரவு விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி. "வேற எதுவும் நிரப்பலை, சூடு மட்டும்தானே?" என்று என் துணைவர் கேட்டிருந்தார். "ஆமாம் சார், ஹீட் மட்டும்தான்" என்று பதில் வந்திருந்தது. அந்தச் செய்தியையும், கடை அனுப்பியிருந்த கல்லின் படத்தையும், ஆய்வக அறிக்கையையும் சேர்த்துத்தான் தாக்கல் செய்திருக்கிறோம். நீங்களும் பேரத்தை வாய்ப்பேச்சோடு விடாமல், கல்லைப் பற்றிய கேள்விகளைச் செய்தியாகவே அனுப்பிப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.